பதினோரு பனியனும் ஒரு பூஞ்சிட்டு வண்டியும்

'தெரியாது' என்பது நாலே நாலு எழுத்து. இருபத்தாறு வயது வரை அந்தச் சொல் என் வாயில் வந்ததே இல்லை. யாராவது வழி கேட்டால் போகாத ஊருக்கும் வழி சொல்வேன். (கடமலைக்குண்டு போக வேண்டிய ஒரு பூச்சிமருந்துக் கம்பெனிக்காரர் என் பேச்சைக் கேட்டுப் போடிமெட்டில் போய் நின்றதாகக் கேள்வி.) இந்தக் குணம் என்னை எங்கே கொண்டு போய் விட்டது என்பதை ஒளிக்காமல் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். என் மனைவி பக்கத்திலிருந்து படித்துப் பார்க்கிறாள். அதனால் இதில் பொய் கலக்க வழியில்லை.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் நடந்தது. அப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தேன். தைத்து வரும் பனியனில் ஓட்டை, கறை, பிசிறு இருக்கிறதா என்று பார்த்துத் தள்ள வேண்டும். அந்த வருடம் வெளிநாட்டிலிருந்து ஒரு விநோதமான ஆர்டர் வந்தது. மருந்தடிக்காத பருத்தி, தோலில் செய்த எதுவும் ஒட்டக்கூடாது, நெஞ்சில் மாடோ ஆடோ கோழியோ ஒரு படம், முதுகில் வளைத்து வளைத்து எழுதிய இங்கிலீஷ் வாசகம். ஆர்டர் கொடுத்தவர் ஒருமுறை நேரிலேயே வந்தார். பால் டீ கொடுத்தோம். கும்பிட்டு மறுத்துவிட்டு வரக்காப்பி வாங்கிக் குடித்தார். பாவம், மனுசனுக்கு வயிறு சரியில்லை போலிருக்கிறது என்று பேசிக்கொண்டோம். (கறி, மீன், முட்டை, பால், தேன் எதையும் தொடாத கூட்டத்தைச் சேர்ந்தவர் அவர் என்பதும், உயிர்களிடம் இரக்கம் காட்டச் சொல்வதற்கென்றே அந்தப் பனியன்களை அடிக்கிறார் என்பதும் எனக்குத் தெரிய வந்தபோது காரியம் கைமீறியிருந்தது.)

சாயம் கொஞ்சம் கூடிப்போனதால் ஒரு மூட்டைப் பனியன் ரிஜெக்ட் ஆயிற்று. வேலை செய்கிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். மற்றவர்கள் ஆளுக்கு இரண்டு எடுத்தார்கள். நான் முப்பது எடுத்தேன். எனக்கு ஒரு திட்டம் இருந்தது.

திட்டத்தின் பெயர் அமுதா. என் அம்மாவின் தம்பி ராசாங்கம் மாமாவின் ஒரே மகள். மாமாவுக்குக் காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டம், இரண்டு பந்தய மாடு, மூக்குக்கு மேல் கோபம். அமுதா கல்லூரியில் இங்கிலீஷ் இலக்கியம் கடைசி வருடம். என் அம்மா போய்ப் பெண் கேட்டபோது மாமா, நூல் வெட்டுகிறவனுக்கா என் பிள்ளை என்று கேட்டாராம். அம்மா விடவில்லை. என் மகன் வெள்ளைக்காரனிடம் இங்கிலீஷில் பேசித்தான் யாவாரமே நடக்கிறது என்று அடித்துவிட்டு வந்துவிட்டாள். (நான் அவரிடம் பேசிய மொத்த இங்கிலீஷ் 'குட் மார்னிங்'. அதையும் சாயங்காலம் சொன்னேன்.) அதைக் கேட்டு மாமா சற்று இறங்கிவந்து, திருவிழாப் பந்தயம் முடியட்டும், அப்புறம் பேசுவோம் என்றிருந்தார்.

பந்தயம் என்றால் எங்கள் பக்கத்து மாட்டு வண்டிப் பந்தயம். மாட்டின் வளர்த்தியைப் பார்த்துத் தட்டான்சிட்டு, தேன்சிட்டு, பூஞ்சிட்டு, பெரிய மாடு என்று பிரித்துத் தார்ரோட்டில் வண்டி விடுவார்கள். மாமாவின் செவலையும் மயிலையும் பூஞ்சிட்டு. மூன்று வருடமாக இரண்டாம் இடம். அந்த வருடம் முதலிடம் வராவிட்டால் மீசையை எடுத்துவிடுவதாக டீக்கடையில் சொல்லி வைத்திருந்தார். அவரை ஜெயிக்க வைக்கிற மருமகனுக்குத்தான் பெண் என்பது என் கணக்கு. அதனால் மாட்டுப் படம் போட்ட பனியன் பதினொன்றையும், மாமாவில் தொடங்கிச் சாரதி வரைக்கும் பந்தயக்காரர்கள் எல்லோருக்கும் யூனிஃபார்மாகக் கொண்டுபோய்ப் பரப்பினேன்.

மாமாவுக்கு வாயெல்லாம் பல். ஒன்றை எடுத்து விரித்து முன்னும் பின்னும் பார்த்தார்.

"மாப்ள, முதுகுல என்னமோ எழுதியிருக்கே. என்னாது அது?"

என் இங்கிலீஷின் நிலவரத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். தபாலில் படித்த பி.காம். அதில் இங்கிலீஷ் தாள் மூன்றாம் தடவை எழுதித் தேறியது. எழுத்துக் கூட்டினால் சத்தம் வரும், அர்த்தம் வராது. தெரியாது மாமா என்று சொல்லியிருந்தால் ஒன்றும் குடி முழுகியிருக்காது. ஆனால் பெண் கேட்டு வந்த இடத்தில் முதல் கேள்விக்கே கையை விரிப்பதா? பனியனை வாங்கி, கண்ணைச் சுருக்கி, ரொம்பப் பழக்கமானவன் மாதிரி தலையை ஆட்டினேன்.

"எங்கள் காளை முந்தும், மற்றதெல்லாம் பிந்தும்னு போட்டிருக்கு மாமா."

"அம்புட்டு நீளத்துக்கு இம்புட்டுதானா?"

"இங்கிலீஷ்ல எதையுமே கொஞ்சம் இழுத்துத்தான் சொல்லுவாக மாமா."

மாமா நெகிழ்ந்துபோனார். வருகிற போகிற ஆளையெல்லாம் நிறுத்தி என்னை மறுபடி மறுபடி சொல்ல வைத்தார். அந்த நேரம் பார்த்துக் கல்லூரியிலிருந்து அமுதா வந்தாள். கொடியில் தொங்கிய பனியனின் முதுகை நின்று படித்தாள். பிறகு என்னைப் பார்த்து, என்ன எழுதியிருக்கிறது மச்சான் என்று பணிவாகக் கேட்டாள். முந்தும் பிந்தும் என்று அவளுக்கும் சொன்னேன். நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். இங்கிலீஷ் இலக்கியம் படிக்கிற பெண்ணே ஒப்புக்கொண்டாள் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. மிச்சப் பனியனையும் அள்ளிக்கொண்டு கடைவீதிக்குப் போனேன். ஆட்டுப் படம் போட்டதை மட்டன் கடை பாய்க்குக் கொடுத்து, 'இளங்கறி, எலும்பு குறைவு' என்று மொழிபெயர்த்தேன். கோழிப் படம் பிராய்லர் கடைக்கு. அதன் வாசகம் 'உயிரோடு நிறுத்துத் தரப்படும்' என்றேன். அன்றைக்கு எனக்கு அருள் வந்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

பந்தயத்தன்று காலையில் ரோட்டின் இரண்டு பக்கமும் சனம். பதினோரு பேரும் ஒரே நிறத்தில் வந்து இறங்கியதும் பக்கத்து ஊர்க்காரர்களுக்குப் பொறாமை. மாமா நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். நான் அவருக்கு ஒரு அடி பின்னால், பாதி மருமகனாக நடந்தேன்.

ஓட விடுவதற்கு முன்னால் மாடுகளைப் பார்க்கக் கால்நடை டாக்டரம்மா வந்திருந்தார். வெளியூர்க்காரர், எங்கள் பக்கம் மாற்றலாகி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. சிறப்பு விருந்தினரும் அவர்தான். ஒவ்வொரு மாடாக மூக்கணாங்கயிறு, குளம்பு, முதுகு என்று பார்த்துக்கொண்டே வந்தவர், எங்கள் வண்டிப் பக்கம் வந்ததும் மாட்டை விட்டுவிட்டு மாமாவின் முதுகைப் பார்த்தார். படித்தார். அடுத்த முதுகையும் படித்தார். பதினோரு முதுகையும் படித்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடைக்குப் போய் மைக்கைப் பிடித்தார்.

தன் வேலையில் இப்படி ஒரு காட்சியைக் கண்டதே இல்லை என்று ஆரம்பித்தார். எத்தனையோ ஊரில் எத்தனையோ பேரிடம் கெஞ்சியிருக்கிறாராம். இங்கே ஒரு விவசாயி யாரும் சொல்லாமலே தன் ஆட்களோடு முதுகில் எழுதிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாராம். அதைத் தமிழில் சொல்கிறேன், எல்லோரும் கேளுங்கள் என்றார்.

"அடி விழுந்தால் எனக்கு வலிக்கிற மாதிரிதான் இதற்கும் வலிக்கும். இதை நான் அடிக்க மாட்டேன். அடிக்க விடவும் மாட்டேன். இது என் உறுதிமொழி."

நாலு மூலையிலும் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரில் அது ஊரெல்லாம் கேட்டது. அதனால், ராசாங்கம் அய்யாவின் வண்டி இன்றைக்குச் சாட்டை இல்லாமல், தார்க்குச்சி இல்லாமல் ஓடும், அவருக்கு ஒரு கைதட்டு கொடுங்கள் என்று டாக்டரம்மா சொன்னார். சனம் தட்டியது. பக்கத்து ஊர்க்காரர்கள் கை சிவக்கத் தட்டினார்கள்.

மாமா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் குனிந்து செருப்பு வாரை மாட்டினேன். (அன்றைக்கு நான் போட்டிருந்தது வாரே இல்லாத செருப்பு.)

ராசாங்கம் மாமாவிடம் ஒரு குணம் உண்டு. மைக்கில் பேர் சொல்லிவிட்டால் பின்வாங்க மாட்டார். சாரதியிடம் போய், நுனியில் ஆணி வைத்த தார்க்குச்சியைப் பிடுங்கி முழங்காலில் வைத்து ஒடித்துப் போட்டார். சாரதிக்கு அழுகை வந்துவிட்டது. குச்சி இல்லாமல் இதுகள் வீட்டுக்குக்கூட வராதே என்றார். வாலை முறுக்கலாமா என்று கேட்டார். மாமா டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு, தொடக்கூடாது என்றார்.

கொடி அசைத்தார்கள். மற்ற வண்டிகள் புழுதி கிளப்பிக்கொண்டு பறந்தன. எங்கள் மாடுகளும் பழக்கதோஷத்தில் நூறு அடி ஓடின. அப்புறம் முதுகில் ஒன்றும் விழவில்லையே என்று செவலைக்குச் சந்தேகம் வந்தது. திரும்பிப் பார்த்தது. மயிலையும் பார்த்தது. இரண்டும் ஓட்டத்தை நிறுத்திவிட்டு நடக்க ஆரம்பித்தன. பின்னாலேயே டாக்டரம்மா ஜீப்பில் பூரித்த முகத்தோடு வந்துகொண்டிருந்தார். வண்டியோடு ஓடிவந்த மாமா மூச்சு வாங்க என்னைக் கூப்பிட்டார்.

"மாப்ள, இங்கன வா. அதுக காதுல போய்ச் சொல்லு, முந்தணும்னு. இங்கிலீஷ்லயே சொல்லு."

அடுத்த ஒன்றரை மணி நேரம் நான் மாட்டின் காதோரமாக நடந்தேன். ராசா என்றேன், அய்யா என்றேன், கடைசியில் காலைத் தொடாத குறை. ஒரு வாழைத்தோப்பைக் கண்டதும் இரண்டும் ரோட்டை விட்டு இறங்கி நின்று நிதானமாகச் சாப்பிட்டன. எங்களுக்குப் பின்னால் விட்ட தட்டான்சிட்டு, எங்கள் மாட்டில் பாதி உயரம்கூட இல்லாத கன்றுக்குட்டிகள், எங்களைத் தாண்டிப் போயின. பூஞ்சிட்டில் ஒரு வண்டி இன்னும் வந்துகொண்டிருக்கிறது, தயவுசெய்து வழி விடவும் என்று மைக்கில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அறிவித்தார்கள். வழியில் ஒரு பெரியவர், தோட்டத்துக்கா போறீக, ரெண்டு மூட்டை எரு ஏத்திக்கிறீகளா என்று கேட்டார். அவர் கேலி செய்யவில்லை, நிஜமாகவே கேட்டார்.

நாங்கள் எல்லைக்கு வந்தபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். டாக்டரம்மா மட்டும் காத்திருந்து மாமாவுக்குப் பொன்னாடை போர்த்தினார். மாமா அதை வாங்கிக்கொண்டு நேரே சலூனுக்குப் போய் மீசையை எடுத்துவிட்டு வந்தார்.

சாயங்காலம் மாமா வீட்டு வாசலில் முதல் ஆளாக மட்டன் கடை பாய் வந்து நின்றார். பனியன் கையில் மடித்திருந்தது. 'நானும் ஒரு தாய்க்குப் பிள்ளை' என்று அதில் எழுதியிருக்கிறதாம்.

"கறி எடுக்க வந்த வாத்தியார் ரெண்டு பேரும் என் முதுகப் படிச்சுப்புட்டு, பக்கத்துக் கடையில கத்திரிக்கா வாங்கிட்டுப் போயிட்டாக தம்பி" என்று வருத்தமாகச் சொன்னார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

பாய் போனதும் மாமா என்னை எதிரே உட்கார வைத்தார். மீசை இல்லாத முகத்தில் கோபம் இரண்டு மடங்காகத் தெரிந்தது. இங்கிலீஷ் தெரியுமா தெரியாதா, ஒத்த வார்த்தையில் சொல் என்றார். அமுதா போச்சு என்று உள்ளுக்குள் உடைந்துபோனேன்.

"தெரியாது மாமா."

வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்னேன். மாமா மகளைக் கூப்பிட்டு, நீ படித்தாயே, உனக்குத் தெரியுமா என்று கேட்டார். முந்தாநாளே தெரியும் என்றாள். பிறகு ஏன் சொல்லவில்லை என்று மாமா எழுந்துவிட்டார்.

"செவலை முதுகுல போன வருசத்துத் தழும்பு இன்னும் மறையல அப்பா. நான் சொன்னா நீங்க கேக்கல. மச்சான் பொய்யாலயாவது கேக்குறீகளான்னு பாத்தேன்."

மாமா தொழுவத்துப் பக்கம் போய் வெகுநேரம் நின்றுவிட்டு வந்தார். எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. அந்தத் தழும்பை நானும் பார்த்திருக்கிறேன், அதைப் பற்றி ஒருநாளும் நினைத்ததில்லை.

இதோடு முடிந்திருந்தால் நல்லது. மறுநாள் பேப்பரில் மாமா படம் பொன்னாடையோடு வந்துவிட்டது. அடிக்காத வீடு என்று கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கப் பேர் பரவியது. முதலில் ஒரு நொண்டிக் கழுதையைத் திராட்சைத் தோட்டத்து வாசலில் யாரோ கட்டிவிட்டுப் போனார்கள். அப்புறம் பால் வற்றிப்போன மாடுகள் நாலு, நாய்கள் ஒன்பது, ஒரு குருட்டுச் சேவல். சில பேர், அய்யா நல்லாப் பாத்துக்குவாக என்று சீட்டு எழுதிக் கழுத்தில் கட்டியிருந்தார்கள். விரட்டவும் முடியவில்லை. டாக்டரம்மா மாதம் ஒருமுறை ஜீப்பில் வந்து கண் கலங்கிவிட்டுப் போவார். பந்தயத்துக்கு மாமா அதோடு முழுக்குப் போட்டார். ஆறு மாதம் சமாளித்துப் பார்த்துவிட்டு என் அம்மாவுக்கு ஆள் அனுப்பினார். உங்கள் மகன் இழுத்து விட்ட சீர்வரிசை பதினைந்து உருப்படி இங்கே நிற்கிறது, அவனே வந்து பார்த்துக்கொள்வதாக இருந்தால் பெண்ணையும் கட்டிக்கொள்ளட்டும் என்று.

அப்படித்தான் எனக்குக் கல்யாணம் ஆனது. திருப்பூர் வேலையை விட்டுவிட்டு மாமா வீட்டோடு வந்துவிட்டேன். இன்றைக்கும் வீட்டுக்கு யார் புதிதாக வந்தாலும், தொழுவத்தில் சாணி அள்ளிக்கொண்டிருக்கிற என்னைக் காட்டி, மருமகன் என்ன செய்கிறார் என்று அவர்கள் கேட்கும் வரை மாமா காத்திருப்பார். கேட்டதும் ஒரே பதில்தான்.

"படிக்காதவன் மாடு மேய்ப்பான்னு சொல்லுவாக. எங்க மாப்ள இங்கிலீஷ் படிச்சாரு. அதான் மேய்க்கிறாரு."