மானுக்குப் பின்னால் ஒரு மஞ்சள் மங்கல்

ஒரு காட்டில் எல்லாரிடமும் கேமரா இருந்தது. படம்தான் யாரிடமும் இல்லை. ஏனென்றால் அங்கே யாரும் படம் எடுப்பதில்லை. லென்ஸ்களை ஒப்பிட்டுப் பார்ப்பதோடு சரி.

அந்தக் காட்டில் வடிவு என்றொரு புள்ளிமான் வாழ்ந்தது. அடுத்த மலையிலிருந்து அதற்கு ஒரு வரன் வந்தது. “முகம் தெளிவாகத் தெரிகிற மாதிரி பெண்ணின் படம் ஒன்று வேண்டும்” என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டிருந்தார்கள். வடிவு நேரே குற்றாலம் என்ற நரியிடம் போனது.

“நல்ல நேரத்துல வந்தே தங்கச்சி!” என்றது நரி. “எனக்கும் கரடி அண்ணனுக்கும் இன்னைக்குப் போட்டி. ரெண்டு பேர் லென்ஸும் ஐம்பது எம்.எம்.தான். எது பின்னணியை அழகா மங்க வைக்குதுன்னு பார்க்கணும். முன்னால நிக்க ஆள் இல்லாம தவிச்சோம்.”

வாயை அகலமாகத் திறக்கும் லென்ஸ்கள் அவை. முன்னால் நிற்பவர் மட்டும் மீசை மயிர்வரை தெளிவாக விழுவார். பின்னால் இருக்கும் மரமும் புதரும் வெண்ணெயாகக் குழைந்துவிடும்; அங்கே மின்னுகிற வெளிச்சமெல்லாம் வட்ட வட்டமாக விழும். ஒப்பீட்டுக்கு ஒரே ஒரு விதி உண்டு: இரண்டு லென்ஸிலும் ஒரே காட்சி விழ வேண்டும். ஆகவே நிற்பவர் அசையக் கூடாது. திரும்பிப் பார்க்கவே கூடாது.

வடிவு ஓடைக்கரையில் கழுத்தை நிமிர்த்தி நின்றது. நரி ஒரு படம் எடுத்தது. ஐயாக்கண்ணு என்ற அந்தக் கரடியும் ஒன்று எடுத்தது. இரண்டும் தலையோடு தலை முட்டத் திரையைப் பெரிதாக்கிப் பார்த்தன.

“என் முகம் எப்படி வந்திருக்கு?” என்று கேட்டது வடிவு.

“முகமா? அதை இன்னும் பார்க்கலையே” என்றது கரடி. “ஏலே குற்றாலம், உன் லென்ஸுல வெளிச்ச வட்டத்தைப் பாரு. வெங்காயத்தை அரிஞ்சு வச்ச மாதிரி வளையம் வளையமா இருக்கு.”

“உங்களுது மட்டும் என்னவாம்? ஓரத்துல எல்லாம் நசுங்கின எலுமிச்சம்பழம்!”

அப்போது வடிவின் மூக்கில் ஒரு வாடை ஏறியது.

“அண்ணா, புலி வாடை அடிக்குது.”

“வாடை படத்துல விழாதும்மா. அசையாதே” என்றது நரி.

அடுத்த படத்தில் வடிவுக்குப் பின்னால் ஒரு மஞ்சள் மங்கல் தெரிந்தது. அதன் நடுவே இரண்டு வெளிச்ச வட்டங்கள்.

“அடடா! என்ன உருண்டை, என்ன உருண்டை!” என்று நரி உருகியது.

அதற்கடுத்த படத்தில் மஞ்சள் பெரிதாகியிருந்தது. கரடி முகம் சுளித்தது. “பின்னணி கிட்ட வந்தா மங்கல் கெட்டுப்போகும்லே. தள்ளிப் போகச் சொல்லு.”

நரி திரையிலிருந்து தலையை எடுக்காமலே கத்தியது: “யாருங்க பின்னால? கொஞ்சம் தள்ளி நில்லுங்க!”

புலி திகைத்து நின்றது. பிறந்ததிலிருந்து அதனிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. “என்னையா சொல்றே?”

“உங்களைத்தாங்க. தள்ளிப் போகப் போகத்தான் அழகா வருவீங்க.”

அழகு என்றும் அதை யாரும் சொன்னதில்லை. புலி வெட்கத்தோடு பின்வாங்கியது. “இன்னும், இன்னும்” என்றது நரி. புலி மூங்கில் புதர்வரை போனது. புலியின் காலடி ஓசை தூரமானதும் வடிவு விதியை மீறித் திரும்பிப் பார்த்தது. ஒரே தாவு. ஓடைக்கு அந்தப் பக்கம் போய்த்தான் அது மூச்சு விட்டது.

“அடிப்பாவி, பாதியில விட்டுட்டாளே!” என்று கரடி தலையில் அடித்துக்கொண்டது.

“அவ போனா போறா. பின்னணி எவ்வளவு பொறுமையா நிக்குது பாருங்க! நீங்க போய் நில்லுங்கண்ணே.”

கரடி மயிரைக் கோதிக்கொண்டு வடிவு நின்ற இடத்தில் நின்றது. புலிக்கோ பசி. அழகை எவ்வளவு நேரம்தான் தாங்கும்? மெல்ல நடந்து வந்தது.

“கரடியண்ணா, ஓடுங்க!” என்று அக்கரையிலிருந்து வடிவு அலறியது.

“சும்மா இரு புள்ளே. எடுக்கப்போற நேரத்துல பேச்சுக் கொடுக்காதே” என்றது கரடி. கழுத்தில் சூடான மூச்சு பட்டபோதும் அது அசையவில்லை. நரியும் சரியாக அந்த நொடியில்தான் பித்தானை அழுத்தியது. அதற்கடுத்த நொடியில் கரடி இல்லை.

இப்போது கரடியின் அந்தப் படம் மாலையோடு காட்டின் லென்ஸ் ஒப்பீட்டுச் சங்கத்தில் தொங்குகிறது. முகத்தில் ஒவ்வொரு மயிரும் தெளிவு. அஞ்சலி செலுத்த வருகிறவர்கள் படத்தின் முன்னால் கண்கலங்கி நிற்கிறார்கள். “தோளுக்குப் பின்னால அந்தக் கோரைப் பல்லைப் பாருங்க. எவ்வளவு மென்மையா மங்கியிருக்கு!”

வடிவு அங்கே போய்த் தன் படத்தைக் கேட்டது. நரி ஒன்றைத் தேடியெடுத்துக் கொடுத்தது. அதில் பழுப்பாக ஒரு கோடு மட்டும் இழுபட்டிருந்தது.

“என் முகம் எங்கே?”

“நீ நின்ன படத்துலயெல்லாம் மங்கலை மட்டும் வெட்டி வச்சுக்கிட்டோம். மிச்சம் இது ஒண்ணுதான். நீ ஓடினதுக்கு நான் என்ன செய்ய? அண்ணனைப் பார்த்துக் கத்துக்கோ” என்றது நரி.

நீதி: புலி வரும்போது ஓடியவர் பிழைத்துக்கொள்வார், ஆனால் அவருடைய படம் நன்றாக வராது.