த்ரீ ஃபேஸ் ஆமாம்

தெரியாத கேள்விக்கும் ‘ஆமாம்’ என்று தலையாட்டுவது என் பிறவிக் குணம். வேங்கிக்காலில் தனியாகக் குடியிருந்தபோது அது முற்றிப்போனது. ஆபீஸ் விட்டு வந்தால் பேச ஆள் கிடையாது. அந்த வீட்டின் அமைதியை நான் வெறுத்தேன்.

பொழுது போகப் பழைய மரக்கடைசல் மெஷின் ஒன்றை வாங்கிப் பின்னறையில் போட்டேன். (“கல்யாணத்தைத் தவிர எல்லாம் பண்றான்” என்றார் அக்காவின் கணவரான மாமா.) அது ஓடிய வேகத்தில் கட்டை பிய்த்துக்கொண்டு பறந்தது.

அக்காவும் மாமாவும் ஆரணியிலிருந்து பௌர்ணமிதோறும் வருவார்கள். என் வீட்டில் பையைப் போட்டுவிட்டு ராத்திரி மலையைச் சுற்றிக் கிரிவலம் போவார்கள். விடிந்ததும் பஸ் ஏறிவிடுவார்கள். ஒருமுறையாவது ஒருநாள் தங்கவைக்க ஆசை. “பூரிக்கட்டை கடைஞ்சு தரேன்க்கா, இருந்து வாங்கிட்டுப் போ” என்று போனில் சொல்லிவிட்டேன்.

மோட்டார் கடைக்காரர், வேகத்தைக் குறைக்க ‘டிரைவ்’ என்று ஒரு பெட்டியைக் காட்டி அரைமணி நேரம் விளக்கினார். அந்த மாதம் என்னோடு அவ்வளவு நேரம் பேசியவர் அவர்தான்.

“உங்க மோட்டார் த்ரீ ஃபேஸ் தானுங்களே? சிங்கிள் ஃபேஸுக்கு இது ஆவாது.”

எனக்கு எங்கே தெரியும்? தெரியாது என்றால், பார்த்துவிட்டு வரச்சொல்லிப் பேச்சை முடித்துவிடுவார்.

“ஆமாங்க” என்றேன்.

பெட்டியில் மூன்று ஒயர், மோட்டாரில் இரண்டு. ஒன்று உபரி என்று நானே முடிவு செய்தேன்.

கிரிவலம் முடித்து வந்தவர்கள் முன்னால் சுவிட்சைப் போட்டேன். மெதுவாகச் சுற்றியது.

“ஜாஸ்தி வெக்காதடா” என்றாள் அக்கா.

“கம்மியாத்தாங்க்கா வெச்சிருக்கேன்!”

அந்தக் கம்மிதான் வினை. வேகம் பிடித்ததும் விலகிக்கொள்ள வேண்டிய, மோட்டார் தலையிலிருந்த கெபாசிட்டர் விலகாமல் சூடேறி, தீபாவளி வெடிபோல வெடித்தது. அறை முழுக்கப் புகை. இரவெல்லாம் நடந்து, காலை மடக்க முடியாமல் கிடந்த மாமா காம்பவுண்டுச் சுவரைத் தாண்டிக் குதித்திருந்தார். வழக்கத்தைவிட முந்தைய பஸ்ஸிலேயே கிளம்பிவிட்டார்கள்.

மறுநாள் கடைக்காரர், “இது சிங்கிள் ஃபேஸுங்க!” என்று தலையிலடித்துக்கொண்டார். கதை ஆரணிக்கும் போனது. அன்றிலிருந்து நான் எதற்கு ஆமாம் சொன்னாலும் அக்கா வீட்டில், “த்ரீ ஃபேஸ் ஆமாமா?” என்பார்கள்.

மூன்று பௌர்ணமி கழித்து பஸ் ஸ்டாண்டில், பஸ் ஏறி உட்கார்ந்த அக்கா ஜன்னல் வழியாகக் கேட்டாள்: “தனியா நல்லாத்தானடா இருக்கே?”

“ஆமாம்.”

“த்ரீ ஃபேஸ் ஆமாமா?” என்றார் சீட்டிலிருந்த மாமா. சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அக்கா சிரிக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

பஸ் கிளம்பியதும் ஜன்னலில் மாமாவின் தலை தெரிந்தது: “வீட்டு மெயினை ஆஃப் பண்ணிட்டு அவளை உள்ள கூட்டிட்டுப் போடா!”