ஆரத்துக்குத் துணையாக வந்தவர்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என்னிடம் ஐந்து பவுனில் ஓர் ஆரம் இருக்கிறது. ஆனால் நான் அதைக் கழுத்தில் போட்ட நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கல்யாணமாகிப் பதினோரு வருடம் ஆகிறது. அதில் ஒன்பது வருடம் அது குடியாத்தம் பஜாரில் இருக்கும் ஒரு வங்கியில்தான் குடியிருக்கிறது. வீட்டுக்காரர் லுங்கி ஓட்ட இரண்டு விசைத்தறி வாங்கியபோது முதன்முதலாக உள்ளே போனது. பிறகு மாமனாரின் ஆஸ்பத்திரிச் செலவு, பெண்ணின் பள்ளிக் கட்டணம் என்று, நாங்கள் மீட்கலாம் என்று எழுந்து நிற்கும்போதெல்லாம் எதிரே ஏதாவது ஒன்று வந்து உட்கார்ந்துகொள்ளும்.

முன்பெல்லாம் வருடத்துக்கு ஒருமுறை வட்டியை மட்டும் கட்டிவிட்டுச் சீட்டை மாற்றிக்கொண்டு வந்துவிடலாம். ஆரத்தின் முகத்தைக்கூடப் பார்க்க வேண்டாம். இரண்டு வருடத்துக்கு முன்பு வங்கியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்: அசலும் வட்டியும் முழுதாகக் கட்டி நகையைக் கையில் வாங்க வேண்டும், அதன் பிறகுதான் திரும்ப அடகு வைக்கலாம். அசல் கையில் இருந்தால் நாங்கள் ஏன் அடகு வைக்கப் போகிறோம்? (இதை நான் கவுண்டரில் கேட்டேன். அந்தப் பெண் "அடுத்தவங்க வாங்க" என்றாள்.)

இந்தச் சிக்கலில் பிழைக்கிறவர் தாமோதரன் அண்ணன். வங்கிக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் ஒரு ரெக்சின் பையோடு உட்கார்ந்திருப்பார். உங்கள் கடனை அவர் பணத்தால் கட்டுவார். நகை வெளியே வரும். அன்றே அதைத் திரும்ப வைத்து, வரும் பணத்தில் அவருடையதையும் மேலே ஒரு கமிஷனையும் கொடுத்துவிட வேண்டும். ஊரில் அவருக்கு ஒருநாள் அண்ணன் என்றே பெயர்.

இதில் என் மூளை வேலை செய்தது. நான் ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் கியூசி. ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான ஷூக்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத் தையல் தப்பைக் கண்டுபிடிக்கிறவள். அப்படிப்பட்டவளின் கண்ணுக்குத் தன் திட்டத்தில் இருந்த ஓட்டை தெரியவில்லை.

விஷயம் இதுதான். வீட்டுக்காரரின் அக்கா விஜயா அண்ணிக்கு ஒரே பெண். அவளுக்கு வளைகாப்பு. தாய்மாமன் பெண்டாட்டி என்ற முறையில் நான் சபையில் முன்னால் நின்று வளையல் போட வேண்டும். எதிரே மாப்பிள்ளை வீட்டார் முப்பது பேர் என் கழுத்தைப் பார்ப்பார்கள். அங்கே கவரிங் செயினோடு நிற்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் வங்கி கொடுத்த கெடுவில் பத்து நாட்களைச் சும்மா ஓட்டி, சரியாக வளைகாப்பு அன்று காலையில் மீட்பதாக நாள் குறித்தேன். காலையில் மீட்பு, நடுவில் வளைகாப்பு, மத்தியானம் மறுபடி அடகு.

வீட்டுக்காரர் லோடு ஏற்றிக்கொண்டு பெங்களூர் கிளம்பும்போது, "காலைல மீட்டுட்டு அப்பவே வெச்சிடு. அப்புறமா வளைகாப்புக்குப் போ. பேஜார் பண்ணிக்காத" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நான் தலையை ஆட்டினேன்.

பதினொரு மணிக்கு ஆரம் கைக்கு வந்தது. இரண்டு லட்சத்து முப்பத்தோராயிரம் கட்டியிருந்தார் தாமோதரன் அண்ணன். அவர் கமிஷன் ஆயிரத்து இருநூறு. நான் குரலை இறக்கி என் திட்டத்தைச் சொன்னேன். "மூணே மணி நேரம் அண்ணா. ரெண்டு மணிக்குள்ள திரும்ப வந்துடறேன்."

அவர் கோபப்படவில்லை. டீ கிளாஸைக் கீழே வைத்தார். "என் காசு உன் கழுத்துல கீதும்மா. நான் இங்க உக்காந்து இன்னா பண்றது? நானும் வர்றேன்."

அப்படித்தான் நான் வளைகாப்பு மண்டபத்துக்குள் போனேன். கழுத்தில் ஆரம், கையில் சீர்த்தட்டு, நான்கடி பின்னால் ரெக்சின் பையோடு ஓர் ஐம்பது வயதுக்காரர். யாராவது கேட்டால் "கம்பெனி மேனேஜர், இந்தப் பக்கம் வந்தார்" என்று சொல்லத் தயாராக இருந்தேன். வியப்பு என்னவென்றால், யாருமே கேட்கவில்லை. பெண்கள் அவரைப் பார்த்ததும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் திரும்பினார்கள். அவரோ மின்விசிறியை அண்ணாந்து பார்த்தபடி கடைசி வரிசை நாற்காலிக்குப் போனார். ஆண்கள் குறைவான இடம், கூச்சப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

வளையல் போட்டேன், சந்தனம் பூசினேன், எனக்கும் பூசினார்கள். மாப்பிள்ளையின் அம்மா என் கழுத்தைப் பார்த்துவிட்டு, "பழைய காலத்து வேலைப்பாடு மாதிரி கீதே" என்று தொட்டுப் பார்த்தார். அத்தனை வருடம் கட்டிய வட்டி அந்த ஒரு நிமிடத்தில் வசூலாகிவிட்டது போல இருந்தது. போட்டோக்காரர் கூப்பிட்ட இடத்திலெல்லாம் போய் நின்றேன். நான் நகரும்போதெல்லாம் தாமோதரன் அண்ணனும் நாற்காலியை மாற்றிக்கொண்டார்.

அப்போதுதான் விஜயா அண்ணி என் முழங்கையைப் பிடித்து மேடைக்குப் பின்னாலிருந்த சாமான் அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"ஆரத்த மீட்டுட்டியா?"

ஆமாம் என்று சொன்னால் பொய். இல்லை என்று சொல்ல வழியில்லை, அது கழுத்தில் தொங்குகிறது. நான் சிரித்துவைத்தேன்.

"தறி மோட்டார் எரிஞ்சி போச்சின்னு நாப்பதாயிரம் வாங்கினீங்க. ரெண்டு வருஷமாச்சு. தம்பி கஷ்டப்படறானேன்னு ஒரு வார்த்த கேட்டனா? இன்னிக்கு மூணு நாலு லட்சத்தக் கழுத்துல போட்டுக்கினு என் வீட்டு விசேஷத்துக்கே வர்ற. மண்டபத்துக்கு இன்னும் பதினஞ்சாயிரம் நான் பாக்கி வெச்சிருக்கேன், தெரியுமா உனுக்கு?"

அவள் கண் கலங்கியிருந்தது. உண்மையைச் சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. அன்றைய நான் என்ன செய்தேன் தெரியுமா? "அடுத்த மாசம் மொத்தமா குடுத்துடறேன் அண்ணி" என்றேன். இரவல் பெருமை தலைக்கேறினால் வாயில் வாக்குறுதியும் தாராளமாக வருகிறது.

அதே நேரத்தில் கதவருகே ஒரு தலை எட்டிப் பார்த்தது. "மணி ஒன்னே முக்கா ஆவுதும்மா" என்றார் தாமோதரன் அண்ணன்.

அண்ணி திரும்பினாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவர் உடனே கூரையில் மின்விசிறியைத் தேடினார்; அந்த அறையில் மின்விசிறி இல்லை.

நான் மேனேஜர் கதையை ஆரம்பிப்பதற்குள் அண்ணி, "சாப்டாம போவக்கூடாது, வாங்க" என்று எங்களைப் பந்திக்குக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தாள். பரிமாறுகிறவர் கூட்டு வாளியோடு வந்ததும் அவரிடம், "அண்ணனுக்கு அது வெக்காதப்பா. கத்தரிக்கா, அவருக்கு அரிப்பு வரும்" என்றாள்.

என் மேனேஜருக்குக் கத்தரிக்காய் ஆகாது என்று அண்ணிக்கு எப்படித் தெரியும்?

மெதுவாக அவள் கையைப் பார்த்தேன். பக்கத்துக்கு மூன்றாக ஆறு வளையல். கியூசி கண் இப்போதுதான் விழித்தது. ஓரத்தில் பூச்சு போய் உள்ளே செம்பு தெரிந்தது.

அண்ணி என் இலைக்கு எதிரே குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னாள். "உனுக்குக் குடுத்த நாப்பதாயிரம் இன்னா மரத்துலயா காய்ச்சுது? அதே பேங்க்தான். இந்த வருஷம் நானும் இவரு காசுலதான் மாத்தி வெச்சேன், நாள் பூரா கூடவே இருந்தாரு. உன் அண்ணனுக்கே தெரியாது."

உன் அண்ணன் என்று அவள் சொன்னது தன் புருஷனை. எனக்குக் கொடுப்பதற்காகத் தன் கையைக் காலி செய்தவளின் வீட்டு விசேஷத்துக்குத்தான் நான் ஆரத்தை ஆட்டிக்கொண்டு வந்திருந்தேன். அவ்வளவு வெட்கம் அதற்கு முன்னும் பின்னும் நான் பட்டதில்லை.

"எல்லாம் இவரு காசுதான் அண்ணி" என்றேன்.

"அதான் இவரப் பாத்ததுமே தெரிஞ்சிடுச்சே. சீக்கிரம் சாப்டு. நகை பாக்கறவரு மூணு மணிக்கு எழுந்து போய்டுவாரு."

கை கழுவப் போகும்போது மண்டபத்தைப் புதிய கண்ணோடு பார்த்தேன். தாமோதரன் அண்ணனைப் பார்த்து முகத்தைத் திருப்பியவர்களை எண்ண ஆரம்பித்தேன். ஒன்பதில் நிறுத்திவிட்டேன். "இதுல எத்தன பேருண்ணா?" என்று அவரிடமே கேட்டேன். "தொழில்ல அதெல்லாம் சொல்றதில்லம்மா" என்று வெற்றிலையை மடித்தார்.

வங்கிக்கு ஓடினோம். மதிப்பீட்டாளர் கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டுக்கொண்டிருந்தார். ஆரத்தை வாங்கி, "இன்னாம்மா இது?" என்றார். வேலைப்பாடு முழுக்க வளைகாப்புச் சந்தனம் அப்பிக் காய்ந்திருந்தது. "சந்தனத்துக்கெல்லாம் கடன் குடுக்க மாட்டோம்" என்று பிரஷ்ஷை என் கையிலேயே கொடுத்துவிட்டார். பட்டுப்புடவையோடு வாஷ்பேசினில் நின்று ஆரத்தைத் தேய்த்தேன். காலையில் அதே ஆரத்தோடு பெருமையாக வெளியே போன என்னைக் கவுண்டர் பெண் அடையாளம் கண்டுகொண்டு புன்னகை செய்தாள்.

கடைசியில் இரண்டு லட்சத்து முப்பத்தைந்தாயிரம் கிடைத்தது. கணக்கில் ஏறியதும் போன் அதிர்ந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். உடனே மறுபடியும் அதிர்ந்தது. வீட்டுக்காரர் பைக்கின் தவணையை என் கணக்கில்தான் பிடிப்பார்கள்; இரண்டு மாதம் பாக்கி. கணக்கில் எப்போது பணம் வரும் என்று காத்திருந்தவர்கள் அபராதத்தோடு ஆறாயிரத்துத் தொள்ளாயிரத்தை எடுத்துக்கொண்டார்கள். தாமோதரன் அண்ணனுக்குக் கொடுக்க வேண்டியதில் நாலாயிரத்து நூறு குறைந்தது.

அவர் இரண்டு செய்தியையும் என் தோளுக்கு மேலிருந்து படித்தார். "பைக்குக்காரன் என்னவிட ஃபாஸ்ட்டு" என்றார். அதைச் சொன்னாரே தவிர, நகர்ந்து போகவில்லை.

நான் யாரைக் கூப்பிடுவது? வளைகாப்பு மண்டபத்துக்கே போன் போட்டேன். பின்னால் நாதஸ்வரப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அண்ணியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் மொய்ப் பணத்திலிருந்து யாரிடமோ கொடுத்து என் போனுக்கு அனுப்பவைத்தாள். "இப்ப நாப்பத்தி நாலாயிரத்து நூறு. ஞாபகம் வெச்சுக்க" என்று மட்டும் சொன்னாள்.

வீட்டுக்காரரிடம் மறைத்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். இரண்டு மாதம் கழித்து வளைகாப்பு ஆல்பம் வந்தது. அவர் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, "யாரு இவரு? எல்லா போட்டோலயும் உன் கழுத்தயே பாத்துக்கினு கீறாரு?" என்று கேட்டார். அப்புறம் எங்கே மறைப்பது? அவர் சிரித்து முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. பைக் தவணை பற்றி நான் கேட்டதும் சிரிப்பு நின்றது.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம். விசேஷத்துக்கு எந்தப் பெண் நகை போட்டுக்கொண்டு வந்தாலும் யாரும் கழுத்தைப் பார்ப்பதில்லை. எட்டி அவளுக்குப் பின்னால் பார்ப்பார்கள். "தனியாவா வந்தே, கூட யாராவது உண்டா?" என்பார்கள். மாப்பிள்ளை வீட்டாரும் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

ஆரத்தை நாங்கள் இன்னும் மீட்கவில்லை. அண்ணியின் கடனை முதலில் அடைப்பது என்று முடிவு செய்து, என் ஓவர்டைம், தீபாவளி போனஸ் என்று ஒன்றரை வருடம் கொடுத்து முடித்தோம். கடைசித் தவணை கொடுத்த மறுவாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். இரண்டு கையிலுமாக ஆறு வளையல், ஓரத்தில்கூடச் செம்பு தெரியாத தங்கம். நான் எதுவும் பேசாமல் அவளைத் தாண்டி வெளியே போய், தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தேன்.

"தேடாதடி, யாரும் வரல" என்றாள் அண்ணி. "இன்னிக்கு நான் மட்டும்தான்."