டைனோசருக்கு சைடு பாக்கெட்

மதிப்பிற்குரிய பெரியப்பாவுக்கு,

உங்கள் தம்பி மகள் எழுதிக்கொள்வது. இங்கு அப்பாவும் அம்மாவும் சுகம். அண்ணனுக்கு மட்டும் டைனோசருக்குள் இருந்தபோது வந்த வேர்க்குரு இன்னும் அடங்கவில்லை. நீங்களும் பெரியம்மாவும் சுகமாக இருக்க வேண்டும். உங்கள் படமும் தியேட்டரைவிட்டு எடுக்கப்படாமல் இருக்க வேண்டும்.

படத்தில் முதலில் என் கண்ணில் பட்டது ஒரு நூல் நுனி. டைனோசரின் இடது இடுப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. முடிச்சுப் போட்டுவிட்டு நுனியை வெட்டாமல் விடுவது எங்கள் தையல் கடையில் நான் ஒருத்திதான்; மாஸ்டர் அதற்காகத் தினமும் திட்டுவார். அதைப் பார்த்ததும் சீட்டில் சரிந்து உட்கார்ந்துகொண்டேன். அதுவரை படத்தில் ஒரு குறையும் இல்லை பெரியப்பா. நீங்கள் கல்லூரி மாணவனாகப் பையை மாட்டிக்கொண்டு ஓடி வந்தபோது பின்வரிசையில் ஒருவர், "வாத்தியாரு எதுக்குடா ஓடறாரு?" என்றார். அவருக்குக் கதை புரியவில்லை. நடுக்காட்டில் மரங்களெல்லாம் தொட்டியில் நின்றதும் எனக்குத் தப்பாகத் தெரியவில்லை, அந்தக் காலத்துக் காட்டை யார் பார்த்தது. எரிமலை வெடித்தபோது பெரியம்மாதான் கொஞ்சம் அவசரப்பட்டு, "ஐயையோ, நம்ம மாடி டேங்க் மூடியத் தொறந்தது யாரு?" என்று எழுந்து நின்றுவிட்டார்.

கடைசியில் கதாநாயகியைப் பாறையில் கட்டிப்போட்டிருக்கிறார்கள், எல்லோரும் ஓடிவிட்டார்கள், டைனோசர் அவளைத் தின்பதா விடுவதா என்று யோசிக்க வேண்டும். அது யோசித்தது. யோசித்துக்கொண்டே இடது கையை பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி ஒரு காலில் சாய்ந்து நின்றது. அவள் அழுதுகொண்டே, "உனக்கு இரக்கமே இல்லையா?" என்று கேட்டாள். "பாக்கெட்ல இருக்கும்மா, தேடுது!" என்று யாரோ கத்தினார்கள். அதற்குப் பிறகு படத்தில் ஒரு வசனமும் எங்களுக்குக் கேட்கவில்லை.

படம் முடிந்து வெளியே வந்ததும் நீங்கள் மாஸ்டரைப் பிடித்துக்கொண்டீர்கள். "டைனோசருக்கு எவனாவது பாக்கெட் வைப்பானாய்யா?" என்று அத்தனை பேர் முன்னால் கேட்டீர்கள். உங்கள் ஸ்கூல் கமிட்டியில் சொல்லி யூனிபார்ம் ஆர்டரை வேறு கடைக்கு மாற்றப் போவதாகவும் சொன்னீர்கள். மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டு, "தப்புதாங்க" என்றார். அந்த பாக்கெட்டை மாஸ்டர் தைக்கவில்லை. தைத்தவள் உங்களுக்கு மூன்றடி தள்ளி, பெரியம்மாவின் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. "என்னடி, கொட்டாவியா?" என்றார் பெரியம்மா.

நடந்தது இதுதான். பள்ளிக்கூடம் திறக்கிற வாரம், கடையில் யூனிபார்ம் மலை மாதிரி குவிந்திருந்தது. நீங்கள் பச்சை ரெக்சினைக் கொண்டுவந்து, "காலு மட்டும் பேன்ட் மாதிரி தச்சிடுங்க" என்றீர்கள். மாஸ்டர் வெட்டி என்னிடம் தள்ளி, "பேன்ட் மாதிரிதாம்மா" என்றார். நான் படிப்பை நிறுத்தியதிலிருந்து இரண்டு வருடமாக பேன்ட்டுக்கு பாக்கெட் வைக்கிறேன். பேன்ட் என்று காதில் விழுந்தால் கை தானாகச் செய்துவிடும். வளர்கிற பிள்ளைக்கு விடுகிற மாதிரி கீழே இரண்டு விரல் மடிப்பும் விட்டிருக்கிறேன், அதை இன்னும் யாரும் கவனிக்கவில்லை. ஷூட்டிங்கில் நீங்களே கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நடித்துக்கொண்டிருந்ததால் பாக்கெட்டும் உங்கள் கண்ணில் படவில்லை. அண்ணனுக்கு முதல் நாளே தெரியும். "ஏன்டா சொல்லல?" என்று கேட்டதற்கு, "பின்ன கைய எங்கடி வெக்கிறது?" என்கிறான்.

ஆகவே பெரியப்பா, தப்பு முழுக்க என்னுடையது. அந்த ஆர்டர் போனால் கடையில் நாலு மெஷினும் மூடிக் கிடக்கும். மாஸ்டர் மேல் கோபம் வேண்டாம். என்னை மன்னிக்க வேண்டுகிறேன். இனி உங்கள் கண்ணில் படாமல் இருந்துகொள்கிறேன். பெரியம்மாவுக்கு என் வணக்கமும், அடுத்த படத்துக்கு என் வாழ்த்துகளும்.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும்
உங்கள் தம்பி மகள்

பின்குறிப்பு: தபாலில் போனால் நாளாகும் என்று நேரில் கொடுக்க வந்தேன். உங்கள் வாசலில் நின்றுதான் இதை எழுதுகிறேன். ஜன்னல் திறந்திருக்கிறது. உள்ளே பத்திரிகைக்காரர் ஒருவர், "அந்த பாக்கெட்டைப் பாக்கத்தான் சார் ஜனங்க மறுபடி மறுபடி வர்றாங்க. எப்படித் தோணுச்சு?" என்று கேட்கிறார். நீங்கள் சொல்கிறீர்கள், "அது பாக்கெட் இல்ல தம்பி, தனிமை. பத்து வருஷமா என் நெஞ்சுக்குள்ளயே கெடந்துச்சு." பத்து வருடத்துக்கு முன் எனக்கு ஆறு வயது பெரியப்பா, ஊசியில் நூல் கோக்கக்கூடத் தெரியாது. அதனால் மேலே கேட்ட மன்னிப்பைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அதைத் தைத்தது யார், ஆர்டர் எந்தக் கடைக்கு என்று அவர் போவதற்குள் பேசிவிடலாம். பெல்லை அழுத்திவிட்டேன்.