பெண் பார்க்கப் போன ஜப்பான் வண்டி

சின்னமனூர் தாண்டும்போதே ஈஸ்வரபாண்டிக்கு உட்காருமிடம் சுடத் தொடங்கியது. வெயில்தான் என்று நினைத்தார். வீரபாண்டி வந்தபோது அடுப்பில் உட்கார்ந்ததுபோல் ஆகிவிட்டது.

“எனக்கும் சுடுது” என்றாள் பக்கத்திலிருந்த மனைவி பஞ்சம்மாள். “பட்டுச்சேலை வெந்துரும் போல. எதையாச்சும் அமுக்கித் தொலைங்க.”

எதை அமுக்குவது? ஜப்பானில் பனிமலையில் சிக்கியவர்களை மீட்கப் போய்வந்த வண்டி அது. பல கை மாறி, குமுளி எஸ்டேட்காரர் ஒருவரிடமிருந்து போன வாரம்தான் ஈஸ்வரபாண்டியின் ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. நாலு சக்கரமும் இழுக்கும், குளிருக்கு இருக்கையும் சூடேறும். இருபது பொத்தான்கள், எல்லாவற்றிலும் ஜப்பான் எழுத்து. எஸ்டேட்காரர் விளக்க வந்தபோது, “எனக்குத் தெரியாததா” என்று சொல்லிவிட்டிருந்தார். இனி யாரிடம் போய்க் கேட்பது?

ஒன்றை அமுக்கினார். மேல்கூரை திறந்து, வெயில் நேராக உச்சந்தலையில் இறங்கியது. இன்னொன்றை அமுக்கினார். கூரை அப்படியே இருக்க, பின்கண்ணாடியில் தண்ணீர் பீய்ச்சியது. பெரியகுளத்தில் வண்டியை நிறுத்தி, கியருக்குப் பக்கத்தில் இருந்த குட்டைக் கம்பியை இழுத்துப் பார்த்தார். அதன்பின் வண்டி உறுமியதே தவிர ஓடவில்லை. இளநீர் ஏற்றிய சைக்கிள் ஒன்று அவர்களை முந்திப் போனது.

“நாலு சக்கரமும் இழுக்கும்னீக?”

“இழுக்குது. மெதுவா இழுக்குது.”

கம்பியைப் பழைய இடத்துக்குத் தள்ளியபின் வேகம் வந்தது. சூடு மட்டும் போகவில்லை. தேவதானப்பட்டிக்குள் நுழையும்போது கடைசியாக ஒரு பொத்தானை அமுக்கினார். சிவப்பு விளக்கு எரிந்தது. சூடு குறைந்ததுபோல் இருந்தது.

“கண்டுபிடிச்சுட்டேன்ல” என்றார்.

மகன் பிரதாப் சென்னையில் இருந்தான். பெரியவர்கள் முதலில் பேசிவிட்டு வருவதாக ஏற்பாடு. பெண் வீட்டுக்கு எதிரே வண்டியை நிறுத்தி முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். குழாயடியில் நின்றவர்கள் குடத்தை வைத்துவிட்டு இவர்களையே பார்த்தார்கள்.

“பாத்தியா, வண்டியப் பாத்துத் தெருவே வாயப் பொளந்து நிக்குது.”

“பெருமை இருக்கட்டும். பிரதாப்ப வேலைய விட்டுத் தூக்குனத உளறிராதீக.”

“நான் ஏன் சொல்றேன்? தாலி ஏறுற வரைக்கும் அவன் மேனேஜர்தான்.”

“பொண்ணோட அப்பா துருவித் துருவிக் கேப்பாராம்.”

“அந்தா வாசல்ல நிக்கிறாரே, அவருதான். மூஞ்சியப் பாரு, எதச் சொன்னாலும் நம்புற ஆளு.”

சொல்லிவிட்டுத் தொண்டையைக் கனைத்தார். அந்தக் கனைப்பு எதிர்ச்சுவரில் மோதி, யானை பிளிறியதுபோல் திரும்பி வந்தது.

இவ்வளவு நேரம் பேசியதெல்லாம் வண்டியின் ஒலிபெருக்கியில் வெளியே போயிருக்கிறது என்று ஈஸ்வரபாண்டிக்கு அப்போதுதான் உறைத்தது. சிவப்பு விளக்கு இருந்த பொத்தானை மறுபடி அமுக்கினார். சைரன் அலறியது.

“அய்யோ, அமத்துங்க” என்று பஞ்சம்மாள் சொன்னது, சைரனையும் மீறித் தெருக்கோடி வரை கேட்டது.

சாவியைத் திருகிப் பிடுங்கியதும் எல்லாம் அடங்கியது. திரும்பிப் போய்விடலாமா என்று பார்த்தால், பெண்ணின் அப்பா வேல்பாண்டி வண்டிக் கதவைத் திறந்து, “வாங்க” என்று கை கூப்பிக்கொண்டு நின்றார்.

உள்ளே கேசரி வைத்தார்கள். ஈஸ்வரபாண்டி அதைக் கரண்டியால் கிண்டிக்கொண்டே இருந்தார். கரும்பலகைக்கு முன்னால் முட்டி போட்ட வயதில்கூட இப்படிக் கூசியதில்லை. பஞ்சம்மாள் சேலை நுனியையே முறுக்கிக்கொண்டிருந்தாள். வேல்பாண்டி எதையும் துருவவில்லை. மழையைப் பற்றி மட்டும் பேசினார். அவரும் தலை நிமிரவே இல்லை. திட்டியிருந்தாலாவது தேவலை என்றிருந்தது.

“சம்பந்தி, அது வந்து... பையனுக்கு வேலை போனது நெசந்தான். மறைக்கத்தான் பாத்தோம். மன்னிக்கணும்” என்று எப்படியோ சொல்லி முடித்தார்.

வேல்பாண்டி தங்கை பிச்சையம்மாளைப் பார்த்தார். அவள் காபி டம்ளரை நீட்டிக்கொண்டே சொன்னாள்:

“எங்க பொண்ணு ஓவியாவுக்கும் வேலை போயி நாலு மாசமாச்சுண்ணே. நீங்க வண்டிக்குள்ள பேசுனதயேதான் காலையில இருந்து நாங்களும் இங்கன பேசிக்கிட்டு இருந்தோம். எங்க வீட்ல ஸ்பீக்கர் இல்ல, அம்புட்டுத்தான்.”