முறை வைத்துப் பேசிய ஊர்

நீலக்கால் நண்டை உயிரோடு இருக்கும்போதே விற்றுவிட வேண்டும். செத்தால் பாதி விலை, மதியம் தாண்டினால் அதுவும் கிடையாது. பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள எல்லா ஊருக்கும் இது தெரியும். பெரிய தளத்துக்குத்தான் தெரியாது.

பெரிய தளம் எது என்று நீங்களே புரிந்துகொள்ளுங்கள். நான் பேரைச் சொன்னால் அடுத்த நிமிடமே அதன் விளம்பரம் என் போனில் வந்து உட்கார்ந்துகொள்ளும். எங்கள் ஊர் பசியாவரத்தில் எல்லாரும் அதில்தான் இருந்தோம். உதயகுமார் பெண்சாதி இளவரசியும் இருந்தாள். புருஷன் விடியற்காலையில் பிடித்து வருகிற நண்டை அன்னக்கூடையில் போட்டு, ஒரு போட்டோ எடுத்து, "உயிர் நண்டு, மதியத்துக்குள் வீடு வரும்" என்று எழுதிப் போடுவாள். மீஞ்சூரிலிருந்து கூப்பிடுவார்கள். பஸ் ஏறிப் போய்க் கொடுத்துவிட்டு வருவாள். படகுக்கு டீசலும் பிள்ளைகளுக்கு ஸ்கூல் பீஸும் அந்த ஒரு போட்டோவில்தான் ஓடின.

பிறகு பெரிய தளத்துக்குப் புத்தி வளர்ந்தது. யாருக்கு எதை எப்போது காட்டுவது என்று அதுவே முடிவு செய்ய ஆரம்பித்தது. திங்கட்கிழமை நண்டை வியாழக்கிழமை காட்டியது. நடுவில், ஊர் பேர் தெரியாத ஒருவன் ஆடுவதையும், ஆதார் இல்லாமல் கடன் தருகிறவனையும், வழுக்கைக்கு எண்ணெயையும் காட்டியது.

மீஞ்சூரில் வாடிக்கையாக நண்டு வாங்கும் ராபர்ட் சார் ஒரு வியாழக்கிழமை போன் செய்தார்.

"ஏம்மா, இந்த நண்டு உயிரோட கீதா?"

"எந்த நண்டு சார்?"

"கூடையில ஒண்ணு காலைத் தூக்கிகினு நிக்குதே, அது."

"அது போய்ச் சேந்து மூணு நாளாச்சு சார்."

"என் போன்ல இப்பதான்மா வந்துச்சு," என்றார் ராபர்ட் சார், துக்கம் விசாரிக்கும் குரலில்.

இது போதாதென்று இணைய இணக்கத் துறை வேறு. அப்படி ஒரு துறை இருக்கிறதா என்று கேட்காதீர்கள். இருக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. அதன் உதவி இயக்குநர் (கூடுதல் பொறுப்பு) சம்பந்தம், எங்கள் ஊருக்கென்று பெரிய தளத்தில் ஒரு பக்கம் திறந்து, காலை வணக்கம், மாலை வணக்கம், மேலதிகாரியின் பிறந்தநாள், மேலதிகாரியின் மாமியார் பிறந்தநாள் என்று போட்டுத் தள்ளினார். நாங்கள் லைக் போடாவிட்டால் "மீனவர் ஆர்வக் குறியீடு" சரிந்துவிடுமாம். சரிந்தால் எங்களுக்குத்தான் பயிற்சி முகாம் நடத்துவார்களாம். பயிற்சி முகாமுக்குப் பயந்து மாமியாருக்கும் லைக் போட்டோம்.

"சார், முகத்துவாரம் மண்ணு தூந்துகினு வருது. அத்த உங்க பக்கத்துல போடக் கூடாதா?" என்று ஊர்த் தலைவர் சின்னதம்பி ஒருநாள் கேட்டார்.

"அது வேற துறைங்க. நான் இணக்கம்," என்றார் சம்பந்தம்.

ஊர்க்கூட்டம் போட்டு, பெரிய தளத்தை விட்டு மொத்தமாக வெளியேறுவது என்று முடிவு செய்தோம். "துடுப்பு" என்று புதிதாக ஒரு தளம் வந்திருந்தது. விளம்பரம் இல்லை, ஆட்டக்காரன் இல்லை, போட்டதைப் போட்ட நேரத்திலேயே காட்டும். இளவரசிதான் முதலில் கை தூக்கினாள். நானும் தூக்கினேன். வழுக்கை எண்ணெய் விளம்பரம் என்னை மட்டும் குறிவைத்து வந்துகொண்டிருந்ததில் எனக்கு மனவருத்தம்.

சொல்லாமல் கொள்ளாமல் போவது மரியாதை இல்லையே. ஆளாளுக்குப் பெரிய தளத்திலேயே ஒரு பிரிவுரை எழுதிப் போட்டோம். "கனத்த இதயத்துடன் விடைபெறுகிறேன்" என்று சின்னதம்பி எழுதியதற்கு இருநூறு லைக் விழுந்தது. ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லி முடித்து அவர் வெளியேற ஒரு வாரம் ஆயிற்று. கணக்கை மட்டும் யாரும் மூடவில்லை. வெளியூர் போகிறவன் வீட்டை இடித்துவிட்டா போகிறான்?

துடுப்பில் முதல் நாள் ஊரே ஒரே நேரத்தில் பேசியது. காலை வணக்கம் மட்டுமே நண்டை நாலு முழத்துக்குக் கீழே தள்ளிவிட்டது. சம்பந்தம் சார் இல்லாத குறையை நாங்களே தீர்த்துக்கொண்டோம். மறுபடியும் ஊர்க்கூட்டம்.

ஏரியில் இறால் வலை போடுகிற இடங்களுக்கு எங்களிடம் பாடு முறை உண்டு. இன்றைக்கு எந்தக் குடும்பம் எந்த இடத்தில் வலை போடலாம் என்று சீட்டுப் போட்டு முறை வைப்போம். முறை இல்லாதவன் அந்த இடத்தில் துடுப்புக்கூடப் போடக் கூடாது. அப்பன் பாட்டன் காலத்திலிருந்து சண்டை வராமல் காப்பாற்றிய ஏற்பாடு. அதையே போனிலும் வைத்துவிடலாம் என்று சின்னதம்பி சொன்னபோது, இவ்வளவு பெரிய யோசனை நமக்கு ஏன் வரவில்லை என்று எல்லாரும் வெட்கப்பட்டோம். ஒரு நாளைக்கு ஒரு குடும்பம்தான் பேசலாம். மற்றவர்கள் பார்க்கலாம்.

இளவரசிக்கு ஒன்றரை மாதம் கழித்து முறை விழுந்தது.

"மாமா, நண்டு ஒண்ணரை மாசம் உயிரோட இருக்குமா?"

"முறைன்னா முறைதாம்மா. பாடு இல்லாத நாள்ல உங்க நைனா என்னைக்காவது வலை போட்டிருப்பாரா?"

"ஏரியில மீனு கீது மாமா. இதுல நாமதான கீறோம்."

சின்னதம்பி யோசித்தார். யோசித்துவிட்டு, "அதுக்குத்தாம்மா முறை," என்றார். கூட்டம் கைதட்டியது.

ஆர்வக் குறியீடு விழுந்து கிடப்பதைப் பார்த்து சம்பந்தம் ஊருக்கே வந்துவிட்டார்.

"வெளியேறுவதற்குத் தடையின்மைச் சான்று வாங்கினீங்களா?"

"எங்க சார் வாங்கணும்?"

"பெரிய தளத்துல இருக்கிற எங்க பக்கத்துலதான் விண்ணப்பிக்கணும்."

"நாங்கதான் அதுல இல்லியே சார்."

"இல்லாதவங்க எதுக்கு வெளியேறணும்?" என்று கேட்டார்.

அப்புறம் துடுப்பைத் திறந்து காட்டினோம். பார்த்தவர் வாய் பிளந்து நின்றுவிட்டார். அன்று சரோஜா குடும்பத்தின் முறை. சரோஜா காலையில் "சாப்பிட்டாச்சா" என்று கேட்டிருந்தாள். அவ்வளவுதான். பதில் சொல்ல யாருக்கும் முறை இல்லை. "இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு அமைதியை நான் பார்த்ததில்லை," என்று சம்பந்தம் தழுதழுத்தார். அன்றே தன் துறைக்கும் ஒரு முறை வாங்கிக்கொண்டார். சேதி பரவி, மண்வளம், பறவைகள், சிறுசேமிப்பு, கொசு ஒழிப்பு என்று ஒவ்வொரு அலுவலகமாக வந்து முறை வாங்கியது. இளவரசியின் முறை பொங்கலைத் தாண்டிப் போயிற்று.

புகார் சொல்லவும் முறை வர வேண்டும் அல்லவா? அதனால் புகாரே வரவில்லை. மாநிலத்திலேயே முதல் "புகாரற்ற இணைய ஊர்" என்று பசியாவரத்துக்கு விருது அறிவித்தார்கள்.

இதற்கிடையில் இளவரசி யாரிடமும் சொல்லாமல் பெரிய தளத்துக்கே திரும்பியிருந்தாள். ஊரே காலிசெய்துவிட்டதால் அங்கே இப்போது காற்றோட்டமாக இருந்தது. காலையில் போட்ட நண்டு காலையிலேயே ராபர்ட் சார் கண்ணில் பட்டது. வியாபாரம் நன்றாக நடந்தது. உண்மையைச் சொன்னால், ஊரில் அந்த வெளியேற்றத்தால் லாபம் அடைந்தது அவள் ஒருத்திதான்.

விருது நாளும் வந்தது. பந்தல், மாலை, கேடயம். ஆளுக்கு இருபது போட்டோ எடுத்தோம். துடுப்பில் போடலாம் என்றால் அன்று கொசு ஒழிப்பின் முறை. முறையை மீறலாமா? மீறவில்லை. "பெரிய தளத்தை விட்டு வெளியேறியதற்காக விருது பெற்ற மகிழ்ச்சியான தருணம்" என்று எழுதி, எல்லாரும் பெரிய தளத்தில் போட்டோம். ஒருவர் போட்டதை இன்னொருவர் பகிர்ந்தோம். சம்பந்தம் எல்லாவற்றையும் பகிர்ந்தார்.

அன்று பார்த்து உதயகுமாருக்கு இரண்டு கூடை நண்டு. இளவரசி விடியற்காலையில் போட்ட போட்டோ எங்கள் கேடயப் போட்டோக்களுக்கு அடியில் போய்விட்டது. பத்து மணி வரை பார்த்தாள். பதினொன்று வரை பார்த்தாள். ஒரு போனும் இல்லை. கூடையில் நண்டுகள் கால் ஆட்டுவதை நிறுத்த ஆரம்பித்தன. வீணாகப் போவதற்குப் பதில் குழம்பாவது ஆகட்டும் என்று பெரிய குண்டானில் வைத்து, பந்தலுக்கே கொண்டுவந்து இறக்கினாள்.

வாசனைக்கே கூட்டம் எழுந்துவிட்டது. முதலில் குழம்பைப் போட்டோ எடுத்துப் போட்டோம். பிறகு சாப்பிட்டோம். கொசு ஒழிப்பு அதிகாரி மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். குண்டான் காலியானதும் இளவரசி சின்னதம்பி எதிரில் வந்து கையை நீட்டினாள்.

"இன்னாம்மா?"

"நண்டுக்குக் காசு மாமா. ரெண்டு கூடை."

"அட, உன் குழம்புக்குத்தாம்மா இன்னிக்கு ஜாஸ்தி லைக். விருதுக்குக்கூட அவ்ளோ விழல, பாரு," என்று போனைத் திருப்பிக் காட்டினார்.

"அந்த லைக்க நாளைக்குப் படகுல ஊத்தினா ஓடுமா மாமா?"

நான் இலையைப் பார்த்தேன். சம்பந்தம் கேடயத்தைப் பார்த்தார். கேள்வி நியாயமானதுதான், நியாயமில்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு அவளுடைய முறை இல்லை.