எனக்கு ஒரிஜினல் துவக்குத்தான் வேணும்

ஒரே வயதில் ஒரு மச்சாள் இருப்பவர்களுக்குத் தனியாக எதிரி தேவையில்லை. எனக்கு நிரோஷா இருந்தாள். மாமா மகள். மொன்ட்ரியல் நகரின் பியர்பொன்ட்ஸில் சொந்த வீடு, அந்த ஊர்க்காரரே திரும்பிப் பார்க்கும் பிரெஞ்சு. ரொறன்ரோவிலிருந்து படிக்க வந்து லாசாலில் ஓர் அறையில் இருந்த எனக்குப் பிரெஞ்சில் 'போன்ஜூர்', 'மெர்சி', 'வீ' மூன்றும்தான் தெரியும். ('வீ' என்றால் ஓம். அதைச் சொல்லித்தான் கெட்டேன்.)

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். மாமா வேலைத்தல நண்பர்களோடு ஒவ்வொரு நவம்பரும் மான் வேட்டைக்குப் போவார். அந்த முறை ட்ரக்கில் ஓர் இடம் மிச்சமிருந்தது. நிரோஷாவும் நானும் வகுப்புக்குப் போய்த் துவக்கு லைசன்ஸ் எடுத்திருந்தோம்.

"சனிக்கிழமை இரும்புத் தகட்டில ஆர் கூட அடிக்கிறியளோ, அவ வரலாம்," என்றார் மாமா.

நிரோஷாவிடம் ஏற்கெனவே ஒரு லீவர் துவக்கு இருந்தது. விசையைச் சுற்றியுள்ள வளையத்தைக் கீழே தள்ளி இழுத்தால் அடுத்த தோட்டா ஏறும். கலிபர் முப்பது-முப்பது, குழல் இருபது அங்குலம். தோளில் வைத்தாளென்றால் அது அவளோடு கூடப்பிறந்தது போல இருக்கும். எனக்கு வயிறு எரியும்.

"நீயும் இதையே வாங்கு பிள்ளை," என்றார் மாமா. "காட்டுப் பத்தைக்குள்ள கட்டைக் குழல்தான் சுகம். மானுக்கு இந்தக் கலிபர் காணும்."

காணுமாம். அவள் வைத்திருப்பதையே நானும் வாங்கினால் என் மானம் என்னாவது? பல்கலைக்கழக நூலகக் கணினியில், பாடத்தை விட்டுவிட்டு, துவக்குப் பைத்தியங்களின் இணைய மன்றங்களை வாசித்தேன். குழல் நீண்டால் சன்னம் வேகமாகப் போகும், குறிபார்ப்பதும் சுலபம் என்றார்கள். கனக்கும், கொப்புகளில் மாட்டும் என்றும் சொன்னார்கள். (அது சோம்பேறிகளுக்கு என்று தாண்டிப் போனேன்.) பழைய அமெரிக்கத் துவக்குகளைப் பார்த்துச் செய்த நகல்கள் விற்கிறார்கள், கவனம் என்று ஒருவர் எழுதியிருந்தார். அது மட்டும் மனதில் ஆணி அடித்தது போல நின்றது.

கடைக்குத் தனியே போனேன். நிரோஷாவைக் கூட்டிப்போனால் அவள் பிரெஞ்சு கதைப்பாள், கடைக்காரர் அவளைப் பார்த்துச் சிரிப்பார், நான் பக்கத்தில் கைப்பையோடு நிற்பேன். வேண்டாம்.

மீசை வைத்த கடைக்காரர் நீளமாக ஏதோ கேட்டார். கடைசிச் சொல் மட்டும் பிடிபட்டது.

"ஒறிஞ்ஞால்?"

கேட்டுவிட்டார். ஒரிஜினலா, நகலா?

"வீ, வீ. ஒரிஜினல்," என்றேன். "ஒன்லி ஒரிஜினல்."

ஐந்தடியும் மூக்குக்கண்ணாடியுமாக நின்ற என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஒரு புது மரியாதையோடு சுவரிலிருந்து ஒன்றை இறக்கினார். குழல் இருபத்தாறு அங்குலம். கலிபர் நாற்பத்தைந்து-எழுபது. முப்பதைவிட நாற்பத்தைந்து கூட. முப்பதைவிட எழுபது இன்னும் கூட. பரீட்சைப் புள்ளி பார்த்தே வளர்ந்த புத்தி அங்கேயே கைதட்டியது.

சனிக்கிழமை, சுட்டுப் பழகும் திடலில், நிரோஷா ஐந்து வெடி வைத்தாள். நான்கு தகட்டில் 'டங்' என்றன.

"உன்ரை முறை மச்சாள்," என்றாள். என் குழலைப் பார்த்து, "இதென்ன, மீன் பிடிக்கிற தடியோ?"

குறிபார்த்தேன். குழலின் முனை தானாகவே நிலத்தை நோக்கி இறங்கியது. தம் பிடித்துத் தூக்கி விசையை அழுத்தினேன்.

அடுத்து நான் கண்டது வானம். கண்ணாடி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மாமா ஓடி வந்து முதலில் துவக்கைப் பத்திரப்படுத்தினார், அதற்குப் பிறகுதான் என்னை. தோட்டாப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதை உனக்கு ஆர் தந்தது?"

"கடைக்காரர்தான். ஒரிஜினலோ எண்டு கேட்டார், ஓம் எண்டனான்."

நிரோஷா ஒரு கணம் யோசித்தாள். பிறகு சிரிப்புத் தாங்காமல் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பா, ஒறிஞ்ஞால் எண்டு கேட்டிருக்கிறான். மச்சாள், அது மூஸ். குதிரையை விடப் பெரிய கொம்பு மிருகம். மூஸ் சுடவோ எண்டு கேட்க, நீ வேற ஒண்டும் வேண்டாம் எண்டிருக்கிறாய்."

மாமா சிரிக்காமல் இருக்கப் பட்ட பாடுதான் இன்னும் மோசம். "மிச்சம் நாலையும் சுடப்போறியோ பிள்ளை?" என்றார். கையே தூக்க முடியவில்லை.

ட்ரக்கில் நிரோஷா போனாள், மானோடு வந்தாள். அந்த இறைச்சிக் கறியை, ருசியில்லை என்று சொல்லிச் சொல்லியே, இடக்கையில் கரண்டி பிடித்து மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

இப்போது நிரோஷாவுக்கு ஒரு மகள். என் உண்மைப் பெயர் அவளுக்குத் தெரியாது; பிறந்ததிலிருந்து வீட்டில் கேட்டதெல்லாம் 'மூஸ் மாமி'தான். போன கிழமை அவளுடைய கார்டெரியில், அதுதான் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில், குடும்பப் படம் வரையச் சொன்னார்களாம். தாளில் பாதியை அடைத்துக்கொண்டு, கிளைக் கொம்பும் மூக்குக்கண்ணாடியுமாக நான் நின்றேன். பக்கத்தில் மெல்லிய கழுத்தும் நீண்ட இமையுமாக ஒரு மான்.

"இது ஆர்?" என்றேன்.

"அம்மா."

அதற்கு மட்டும் கோட்டுக்கு வெளியே போகாமல் வர்ணம் தீட்டியிருந்தாள்.